உத்திரமேரூரில் ஒளியும் அறையும்

உத்திரமேரூர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள ஒரு பேரூர், வட்டத் தலைமையிடம். எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மப் பல்லவன் காலத்தில் சதுர்வேதிமங்கலமாக அமைந்த ஊர் இது. முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921இல், பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளால் பள்ளிப் பாடநூல்கள் அனைத்திலும் இடம்பெற்றுவிட்டது. ஊரின் பெயரைக் கேட்டதும் தேர்தல் மட்டுமே நினைவுக்கு வருவதற்கும் இதுவே காரணம்.

இவ்வூரில் காண்பதற்கு வேறொன்றும் உண்டு. கருவறை, அவை மண்டபம், ஓட்டு வீடு என மூவகையான உள்ளிடங்கள் இங்கே நடந்து செல்லும் தொலைவுக்குள் அமைந்துள்ளன. மூன்றும் மூன்று வகை வெளிச்சத்தை எண்ணிக் கட்டப்பட்டவை. ஓர் அறை பெரிதாகவோ சிறிதாகவோ, நெருக்கமாகவோ அச்சமூட்டுவதாகவோ கண்ணுக்குத் தோன்றுவது அதன் நீள அகலத்தால் மட்டும் அன்று. விளக்கு எங்கே இருக்கிறது, சுவர் எவ்வளவு ஒளியைத் திருப்பித் தருகிறது, பார்ப்பவர் எங்கிருந்து உள்ளே வந்தார் என்பவற்றாலும் ஆகும். எண்ணெய் விளக்கிலிருந்து எல்.இ.டி வரை விளக்குகள் மாறிய ஒவ்வொரு முறையும் அதே அறை வேறோர் அறையாகத் தோன்றியது. அந்த மாற்றங்களின் வரலாறே இக்கட்டுரை.

கண் செய்யும் வேலை

நடுப்பகல் வெயிலில் தரைமீது விழும் ஒளி ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். ஒரு மெழுகுவர்த்தியிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் உள்ள பொருளின்மீது விழுவது ஒரு லக்ஸ். முழுநிலவின் ஒளி அதிலும் குறைவு. கால் லக்ஸ் அளவே வரும். இந்த மூன்றிலும் மனிதக் கண் பார்க்கிறது. கருவிழியின் நடுத்துளை விரிவதால் மட்டும் இது நடப்பதில்லை. துளை இரண்டு மில்லிமீட்டரிலிருந்து எட்டு மில்லிமீட்டர் வரை விரிந்தாலும் உள்ளே செல்லும் ஒளி பதினாறு மடங்குதான் கூடும். மீதி வேலை விழித்திரையில் நடக்கிறது. வண்ணம் காணும் கூம்பு செல்கள் சுமார் பத்து நிமிடத்தில் இருளுக்குப் பழகிவிடும். மங்கலில் பார்க்கும் கோல் செல்கள் முழுமையாகப் பழக அரை மணி நேரம் வரை ஆகும்.

வெயிலில் வந்தவர் வீட்டுக்குள் நுழைந்ததும் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நிற்பது இதனால்தான்.

கருவறையின் இருள்

உத்திரமேரூர் சுந்தரவரதப் பெருமாள் கோயில் பல்லவர் காலத்து மூன்று நிலைக் கோயில். கீழ்நிலையில் நின்ற கோலம், நடுநிலையில் அமர்ந்த கோலம், மேல்நிலையில் கிடந்த கோலம் என இறைவன் மூன்று கோலங்களில் காட்சி தருகிறார். காஞ்சிபுரத்தில் அதே நந்திவர்மன் எடுத்த பரமேச்சுர விண்ணகரமும் இவ்வமைப்பை உடையது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கருவறைகளை அடுக்கும் இந்த முறையில் ஒவ்வொரு நிலைக்கும் ஏறும்போது கண்ணும் வெளிச்சத்திலிருந்து இருளுக்கும் இருளிலிருந்து வெளிச்சத்துக்கும் மாறி மாறிச் செல்கிறது.

தமிழகக் கோயிலின் கருவறைக்குச் சன்னல் இல்லை. வாயில் ஒன்றே வழி. அந்த வாயிலுக்கு முன் அர்த்தமண்டபம், அதற்கு முன் மகாமண்டபம், அதற்கும் முன் திறந்த வெளி. வெளியில் லட்சம் லக்ஸ். தூண் மண்டபத்தில் சில நூறு. அடுத்த மண்டபத்தில் சில பத்து. கருவறை வாயிலில் ஒன்றிரண்டு. இவை தோராயமான அளவுகளே. ஆனால் படிப்படியாக இறங்கும் வரிசை எல்லாக் கோயிலிலும் ஒன்றுதான். அடியார் இந்தத் தொலைவை விரைந்து கடப்பதில்லை. பிராகாரம் சுற்றுகிறார், கொடிமரத்தருகே வணங்குகிறார், முறை வரும்வரை நிற்கிறார். அதற்குள் கண் இருளுக்கு ஓரளவு பழகிவிடுகிறது. வழிபாட்டு ஒழுங்கு வகுத்தவர்கள் விழித்திரையைப் பற்றி எண்ணியிருக்க வேண்டியதில்லை; பயன் என்னவோ அதேதான்.

உள்ளே சுவரும் சிலையும் கருங்கல். தலைமுறை தலைமுறையாக எண்ணெயும் புகையும் ஏறிய கல் தன்மேல் விழும் ஒளியில் மிகச் சிறு பங்கையே திருப்பித் தரும். ஆகவே சுவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. சுவர் தெரியாத அறைக்கு அளவும் தெரியாது. சில அடிப் பக்கமே உள்ள கருவறை ஆழம் காண முடியாத இடமாகத் தோன்றுவதற்கு முதற் காரணம் இதுவே. எண்ணெய் பூசிய கல்லின் பளபளப்பு, பொற்கவசம், வெள்ளிக் கண்மலர், வெண்ணிறத் திருமண் ஆகியவை மட்டும் சுடரைப் பிடித்துத் திருப்புகின்றன. பார்ப்பவர் முழு உருவத்தையும் ஒருசேரக் காண்பதில்லை. அர்ச்சகர் தீபத்தட்டை உயர்த்தி இறக்கும்போது திருவடி, கை, மார்பு, முகம் என்று பகுதி பகுதியாகத்தான் காண்கிறார். சுடர் அசைய நிழலும் அசைகிறது. நிழல் அசையும்போது கல்முகத்தின் வளைவுகள் உயிர் கொள்கின்றன.

ஜப்பானிய எழுத்தாளர் தனிசாகி ஜுனிசிரோ 1933இல் நிழலைப் போற்றி எழுதிய நூலில், அரக்குப் பூச்சுக் கலங்களின் அழகு மங்கிய வெளிச்சத்துக்கு உரியது என்கிறார். தமிழ்க் கோயிலின் பொற்கவசத்துக்கும் இது பொருந்தும். வெளிச்சம் கூடினால் பொன் மஞ்சளாகத்தான் தெரிகிறது, ஒளிர்வதில்லை.

ஒரு சுடருக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள்

இந்த மங்கிய ஒளிக்கு ஆன செலவைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. இரவும் பகலும் அணையாது எரியும் விளக்கு நந்தா விளக்கு அல்லது நொந்தா விளக்கு எனப்பட்டது. சோழர் காலத்தில் இத்தகைய விளக்கு ஒன்றுக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் கொடையாக அளிக்கப்பட்டன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் 96 ஆட்டுக்கு 48 பசு அல்லது 16 எருமை ஈடாகக் கொள்ளப்பட்டது. ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்ப வேண்டும். அதனால் அவற்றுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர்.

உழக்கு என்பது நாழியில் நான்கில் ஒன்று. நாழியின் அளவு இடத்துக்கு இடம் மாறியது. பிற்காலப் படிக் கணக்கை வைத்துப் பார்த்தால் உழக்கு 300 முதல் 400 மில்லிலிட்டர் வரை வரும். அதை 24 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் மணிக்கு 11 முதல் 15 கிராம் நெய். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒளியை அளக்க ஐரோப்பியர் வைத்திருந்த நிலையளவு மெழுகுவர்த்தி மணிக்கு எட்டு கிராமுக்குச் சற்றுக் குறைவாக எரிந்தது. திறந்த திரியில் எரியும் நெய் அந்த மெழுகுவர்த்தி அளவுக்குத் திறமாக ஒளி தராது. ஆக, 96 ஆடுகள் கொண்ட ஒரு மந்தை ஆண்டு முழுவதும் மேய்ந்து தந்தது, ஒரு மெழுகுவர்த்திக்குச் சற்றுக் கூடக்குறைய உள்ள ஒரு சுடர்.

இன்று 9 வாட் எல்.இ.டி விளக்கு ஒன்று அறுபதுக்கு மேற்பட்ட மெழுகுவர்த்திகளின் ஒளியைத் தருகிறது. அக்காலத்து இருளை வறுமை என்று மட்டும் படிப்பதும் தவறு, அழகு என்று மட்டும் படிப்பதும் தவறு. ஒளி விலையுயர்ந்த பொருளாக இருந்தது. அதனால் அது எங்கே விழ வேண்டும் என்பதில் கவனம் இருந்தது.

எல்லாரும் காணும்படி

கருவறைக்கு நேர்மாறான உள்ளிடம் அவை மண்டபம். குடவோலைக் கல்வெட்டுகள் உள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபம் ஊர்ச் சபையோடு தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. இன்று அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

கல்வெட்டு கூறும் நடைமுறையை ஒளி என்ற கண்ணோட்டத்தில் மீண்டும் படிக்கலாம். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இடுகிறார்கள். சபையில் உள்ள நம்பிமாருள் மூத்தவர் அந்தக் குடத்தை அனைவரும் காணும்படி உயர்த்திப் பிடிக்கிறார். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுக்கிறான். அதை வாங்குபவர் ஐந்து விரலும் விரிய, உள்ளங்கையைத் திறந்து வாங்க வேண்டும். பிறகு உரக்க வாசிக்க வேண்டும். அங்கிருக்கும் நம்பிமார் அனைவரும் அதை வாசிக்க வேண்டும். இந்த ஏற்பாடு முழுவதும் கண்ணை நம்பி நிற்கிறது. விரல் விரிந்த உள்ளங்கை ஒளிந்த ஓலை இல்லை என்பதற்குச் சான்று. அந்தச் சான்று கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும். கருவறை போன்ற இடத்தில் இது நடவாது. பக்கங்கள் திறந்த தூண் மண்டபமும் பகல் வெளிச்சமும் இத்தகைய நடைமுறைக்கு உரியவை.

வயதையும் கருத வேண்டும். வாரியத்துக்குத் தகுதி 35க்கு மேல், 70க்குக் கீழ். நாற்பதைத் தாண்டியவருக்குக் கிட்டப் பார்வை குறையும். மூக்குக்கண்ணாடி இத்தாலியில் தோன்றியதே பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில்தான். பனையோலையில் எழுத்தாணிக் கீறல்தான் எழுத்து. அதில் மை தடவினால் கருமை தெளியும், தடவாவிட்டால் சாய்ந்த ஒளியில் பார்த்தாக வேண்டும். அறுபது வயதுப் பெரியவர் ஒருவரின் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயது இளைஞருக்கு எட்டுவதில் மூன்றில் ஒரு பங்கு அளவே என்பர். அவர் ஓலையை வாசித்த மண்டபம் நல்ல வெளிச்சமுள்ளதாக இருந்திருக்க வேண்டும் என்று ஊகிப்பதில் தவறில்லை.

கல்லெழுத்தைப் படிக்கும் நேரம்

இந்தக் கல்வெட்டுகள் 1898இல் படியெடுக்கப்பட்டன. ஈரத் தாளைக் கல்மேல் ஒட்டித் தட்டி, மை ஒற்றி எடுக்கும் மைப்படி முறை வெளிச்சத்தை நம்பாத முறை. அதுவே அதன் வலிமை. வெறுங்கண்ணால் கல்லெழுத்தைப் படிக்க முயல்பவருக்கோ வெளிச்சமே எல்லாம். உச்சி வெயில் நேரே விழுந்தாலோ, எதிரிலிருந்து மின்விளக்கு அடித்தாலோ வெட்டின் பள்ளமும் மேடும் ஒரே ஒளி பெற்று எழுத்து மறைந்துவிடும். பக்கவாட்டில் சாய்ந்து விழும் ஒளியில் ஒவ்வொரு கீறலின் ஒரு விளிம்பும் நிழலாகும். எழுத்து எழுந்து நிற்கும்.

இதில் மாணவர்கள் அறிய வேண்டிய வியப்பு ஒன்று உண்டு. கல்வெட்டின் ஒளிப்படத்தைத் தலைகீழாகத் திருப்பினால், குழிந்த எழுத்துகள் புடைத்த எழுத்துகளாகத் தோன்றும். ஒளி மேலிருந்துதான் வரும் என்று மூளை கருதிக்கொள்வதே காரணம். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன் 1988இல் வெளியிட்ட ஆய்வில், நிழலிட்ட எளிய வட்டங்களைக் கொண்டே இதைக் காட்டினார். மேற்பகுதி வெளிச்சமான வட்டம் குமிழாகவும், கீழ்ப்பகுதி வெளிச்சமான வட்டம் குழியாகவும் தெரிகிறது. சிற்பத்துக்குக் கீழே தரையில் மின்விளக்கைப் பதித்து மேல்நோக்கி அடிக்கும் இன்றைய வழக்கம் ஏன் தெய்வ முகங்களைச் சிதைத்துக் காட்டுகிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. புருவத்தின் மேல் ஒளியும் கண்ணில் இருளும் விழ வேண்டிய முகத்தில் மூக்கின் அடியும் முகவாயின் அடியும் ஒளிர்கின்றன.

ஓட்டு வீட்டின் விளக்குப் பிறை

உத்திரமேரூர் வட்டாரத்தின் பழைய வீடுகள் திண்ணை, ரேழி, முற்றம், தாழ்வாரம், கூடம், அடுக்களை, கொல்லை என்ற ஒழுங்கில் அமைந்தவை. பகல் வெளிச்சம் வீட்டுக்குள் வருவது முற்றத்தின் வழியே. அதுவும் நேரே விழுவதில்லை. முற்றத்துத் தரையில் பட்டுத் தாழ்வாரத்தின் உட்புறச் சுவருக்கு எழும்பி, அங்கிருந்து கூடத்துக்குப் பரவும். ஓட்டுச் சரிவு தாழ்வாகப் படிந்திருப்பதால் வானம் கண்ணில் படாது, கூச்சம் இராது. அடுக்களைக் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு பதித்தால், வெயிற்கற்றை ஒன்று புகையினூடே சாய்ந்து இறங்கி நேரம் காட்டும். அது எந்தச் சுவரில் நிற்கிறது என்பதை வைத்து உலை வைத்த பாட்டிமார் உண்டு.

இரவுக்கு விளக்குப் பிறை. சுவரில் குடைந்த சிறு மாடத்தில் அகலை வைத்தால் காற்றில் அணையாது என்பது எல்லாரும் சொல்லும் காரணம். மற்றொரு பயனும் உண்டு. பிறையின் பக்கச் சுவர்கள் சுடரைப் பக்கத்திலிருப்பவர் கண்ணிலிருந்து மறைக்கின்றன. சுடர் கண்ணைத் தாக்காததால் மங்கிய அறையே கூடுதலாகத் தெரிகிறது. அதே விளக்கைத் தரையில் வைத்தால் ஆட்களின் நிழல் சுவரேறிக் கூரையைத் தொடும். சிறுவர்க்கு வீடே பூதம் குடியிருக்கும் இடமாகும்.

சுவரின் நிறம் விளக்குக்கு ஈடான முக்கியத்துவம் உடையது. சுண்ணாம்பு வெள்ளை தன்மேல் விழும் ஒளியில் ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பித் தரும். புகை படிந்த சுவர் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தராது. ஒளி ஒரு சுவரிலிருந்து மறுசுவருக்குத் தாவித் தாவிச் செல்வதைக் கணக்கிட்டால், அறை முழுவதும் வெள்ளையடித்தபோது அங்குச் சேரும் ஒளி விளக்கு நேரடியாகத் தருவதைப் போல் கொள்கையளவில் ஐந்து மடங்கு வரை எட்டும்; கரி படிந்த அறையில் அது ஒன்றே கால் மடங்கைக்கூடத் தொடாது. பொங்கலுக்கு முன் வெள்ளையடித்த வீடு போகியன்று இரவு பெரிதாகத் தோன்றுவது வெறும் மனமகிழ்ச்சி அன்று. அமெரிக்கரான ஜான் ஃபிளின் 1970களில் செய்த ஆய்வுகளில், மேசைமீது மட்டும் ஒளி விழும் அறையைவிடச் சுவர்கள் ஒளிபெறும் அறையை மக்கள் விசாலமானதாக உணர்ந்தனர். சுண்ணாம்புத் தொட்டியோடு நின்ற கொத்தனார்களுக்கு இது புதுச் செய்தியாக இருந்திராது.

சீமெண்ணெயும் நாற்பது வாட்டும்

ஆமணக்கு, இலுப்பை, வேம்பு, எள் ஆகியவற்றின் எண்ணெய் எரிந்த இடத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மண்ணெண்ணெய் புகுந்தது. ஊரார் அதைச் சீமெண்ணெய் என்றும் கிருஷ்ணாயில் என்றும் அழைத்தனர். சிம்னி விளக்கும் அரிக்கேனும் விளக்கைப் பிறையிலிருந்து விடுவித்தன. கையில் எடுத்துச் செல்லும் விளக்கு வந்த பிறகு, ஒளி இருக்கும் இடத்துக்கு ஆள் போன நிலை மாறி, ஆள் இருக்கும் இடத்துக்கு ஒளி வந்தது. அரிக்கேனைச் சுற்றி வட்டமாக அமர்ந்து படித்த பிள்ளைகள் ஒரு தலைமுறை முழுவதும் இருந்தனர். வட்டத்துக்குள் இடம் பிடிப்பதே பெரும் போட்டி. மூத்தவன் விளக்கின் அருகில், சிறியவள் ஓரத்தில். பெண் பிள்ளை பாதியில் எழுந்து அடுக்களைக்குப் போனால் அவளோடு சிறு சிமிலி விளக்கு ஒன்று போகும். யாருக்கு எவ்வளவு வெளிச்சம் என்பது வீட்டுக்குள்ளேயே பங்கிடப்பட்டது.

பெட்ரோமாக்ஸ் வீட்டுக்கு வந்ததைவிடக் கல்யாணத்துக்கும் தெருக்கூத்துக்கும் வந்ததே அதிகம். தீவட்டி வெளிச்சத்துக்காக வகுத்த சிவப்பு அரிதாரமும் கண்ணாடிச் சில்லு பதித்த புஜக்கட்டையும் அந்த வெண்ணிற ஒளியில் வேறாகத் தெரிந்தன. கூத்துக் கலைஞர்கள் இது பற்றிச் சொல்வதற்கு நிறைய உண்டு. அது தனிக் கட்டுரைக்கு உரியது.

மின்சாரம் பரவலானபின் தமிழ்நாட்டுக் குடிசைகளுக்கு விலையின்றி ஒற்றை விளக்கு இணைப்பு தரப்பட்டது. ஒரு குடிசைக்கு ஒரு 40 வாட் குண்டு பல்பு. ஏளனம் செய்வதற்கு உரியதன்று அது. அந்தப் பல்பின் ஒளி ஏறத்தாழ 400 லூமென். முப்பது மெழுகுவர்த்திகளுக்கு மேல். புகை இல்லை, தீப்பிடிக்கும் அச்சம் குறைவு, எண்ணெய்க்கு வரிசை இல்லை. பத்தாம் வகுப்புத் தேர்வை அந்தப் பல்பின் கீழ் எழுதித் தேறியவர்கள் பலர்.

ஆயினும் அந்த ஒளியைக் குடிசை முழுதாகப் பெறவில்லை. மண்சுவரும் கீற்றுக் கூரையும் ஒளியை விழுங்கின. நடுவில் தொங்கும் பல்பு கண்ணைக் கூசச் செய்தது. மூலைகள் இருண்டே கிடந்தன. பல்புக்கு முதுகு காட்டி உட்கார்ந்த பிள்ளையின் நிழல் அவன் புத்தகத்தின்மீதே விழுந்தது. வலக்கையால் எழுதுபவருக்கு ஒளி இடப்புறமிருந்து வர வேண்டும் என்ற விதியை வைத்தே பழைய பள்ளிக் கட்டடங்களில் மாணவரின் இடப்புறத்தில் சன்னல்கள் அமைந்தன. அந்த எளிய விதியை வீட்டுக்கு யாரும் எடுத்துச் செல்லவில்லை. பல்பைச் சுவரோரம் நகர்த்தி, அருகில் கொஞ்சம் சுண்ணாம்பு பூசியிருந்தால் போதும்.

பிறகு குழல் விளக்கு. அதே 40 வாட்டில் ஐந்தாறு மடங்கு ஒளி. கூடத்தில் நிழலே இல்லாமற் போயிற்று. குழல் விளக்கு உள்ள வீடு வசதியான வீடு என்ற எண்ணம் கிராமத்தில் ஆழமாகப் பதிந்தது. இன்றும் எல்.இ.டி வாங்குவோர் 6500 கெல்வின் கொண்ட நீலச்சாயல் வெண்மையையே பெரும்பாலும் கேட்டு வாங்குவது அதன் தொடர்ச்சி. நெய்ச் சுடர் சுமார் 1900 கெல்வின், குண்டு பல்பு 2700. டச்சு அறிவியலாளர் குரூத்தோஃப் 1941இல், நீலச்சாயல் ஒளி குறைந்த அளவில் இருந்தால் அறை சோகமாகத் தோன்றும் என்றார். பின்வந்த ஆய்வுகள் அவர் வரைந்த எல்லைகளை முழுதும் ஏற்கவில்லை. சிறிய வெள்ளை விளக்கு ஒன்று மட்டும் எரியும் கூடத்தில் மாலை நேரத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அவர் சொன்னது புரியும்.

பட்டுப் புடவையும் கடை வாசலும்

காஞ்சிபுரம் வட்டாரத்தில் வெளிச்சத்தை உணர்ந்து பிழைப்பவர் நெசவாளர். குழித்தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும். பாவின் இழைகளைப் பார்த்து அறுந்ததை முடிய வெளிச்சம் வேண்டும். நேர் வெயில் பட்டால் நிறம் வெளிறும். அதனால் தறிக்கு மேல் கண்ணாடி ஓடும் பக்கத்தில் சிறு சன்னலும் வைப்பர். பாவு ஒரு நிறமும் ஊடை ஒரு நிறமுமாக நெய்யும் மயில்கழுத்துப் புடவை, ஒளி விழும் கோணத்துக்கு ஏற்ப நீலமாகவும் பச்சையாகவும் மாறும். சுற்றிலும் சமமாகப் பரவிய ஒளியில் இந்த மாற்றம் அடங்கிப்போகும்.

வேறொரு சிக்கலும் உண்டு. பகல் ஒளியில் ஒத்துப்போகும் இரு சாயங்கள் குழல் விளக்கில் ஒத்துப்போகாமல் நிற்கலாம், மாறாகவும் நேரலாம். விளக்கின் ஒளியில் எந்தெந்த நிறக்கதிர்கள் எவ்வளவு கலந்திருக்கின்றன என்பது வேறுபடுவதே காரணம். உடலும் முந்தியும் ஒரே அரக்கு என்று கடைக்குள் தோன்றிய புடவை வீட்டு முற்றத்தில் இரண்டு அரக்காகத் தெரிந்தால் குறை நெசவாளர் தலையில் விழும். இதை அறிந்த பெண்கள் கடைக்காரர் எவ்வளவு விளக்குப் போட்டுக் காட்டினாலும் புடவையை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பிரித்துப் பார்ப்பர். நிற ஆய்வாளர் நூல்களில் பல பக்கங்கள் பிடிக்கும் செய்தி இது.

இன்றைய கருவறை

கடந்த சில பத்தாண்டுகளில் தமிழகக் கோயில்கள் பலவற்றின் உள்மண்டபங்களில் குழல் விளக்குகளும், பின்னர் வெண்ணிற எல்.இ.டி பட்டைகளும், சில இடங்களில் நிறம் மாறும் தொடர் விளக்குகளும் பொருத்தப்பட்டன. அவற்றைப் பொருத்திக் கொடுத்த உபயதாரர்களின் பக்தி ஐயத்துக்கு உரியதன்று. 96 ஆடு கொடுத்தவரின் வழித்தோன்றல்களே அவர்கள். பெயர் எழுதிய குழல் விளக்கு கல்வெட்டின் இன்றைய வடிவம் என்றுகூடச் சொல்லலாம்.

விளைவு வேறு. வாயில் நிலையின்மேல் பொருத்திய வெண்விளக்கு அடியாரின் கண்ணுக்கும் இறைவனுக்கும் நடுவில் எரிகிறது. கண் அந்தப் பிரகாசத்துக்குப் பழகி, அதற்குப் பின்னால் உள்ள கருவறையை வெறும் கறுப்பாகக் காண்கிறது. உடனே உள்ளேயும் ஒரு விளக்கு தேவைப்படுகிறது. உள்ளே விளக்கு வந்ததும் சுவர், ஒட்டடை, மின்கம்பி, அபிடேகக் குழாய் எல்லாம் தெரிகின்றன. கருவறை சிறிய அறையாகிவிடுகிறது. தீபாராதனைத் தட்டின் சுடர் எதையும் புதிதாகக் காட்டுவதில்லை.

அதற்காக விளக்கையெல்லாம் கழற்றிவிடலாம் என்பதற்கில்லை. எண்ணெய்ப் புகை சுவரோவியங்களை மறைத்த கோயில்கள் பல. சுந்தரவரதப் பெருமாள் கோயில் போன்ற மாடக்கோயிலில் மேல்நிலைக்கு ஏறும் முதியவருக்குப் படி விளிம்பு தெரிந்தே ஆக வேண்டும். அவருக்கு இளைஞரைப்போல் மூன்று மடங்கு ஒளி தேவை, இருளுக்குப் பழக நேரமும் கூடுதலாக வேண்டும். படியில் விழும் விளக்கு முகத்தில் அடிக்க வேண்டியதில்லை. முழங்காலுக்குக் கீழே, மூடிய உறையில், மஞ்சள் சாயலில், படியை மட்டும் காட்டும் சிறு விளக்குகள் போதுமானவை. மண்டபத்தின் விளக்குகளைத் தூண்களுக்குப் பின்னால் மறைத்து, வாயிலிலிருந்து கருவறை நோக்கிப் படிப்படியாக ஒளியைக் குறைக்கலாம். இதற்கு ஆகும் செலவு இப்போது போடும் விளக்குகளின் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.

மின்தடை நேரும் மாலைகளில் இதன் ஒத்திகையை எந்தக் கோயிலிலும் காணலாம். விளக்கெல்லாம் அணைந்ததும் முதலில் ஒரு சலசலப்பு எழுகிறது. சிலர் கைப்பேசியின் ஒளியைத் தேடுகிறார்கள். நான்கைந்து நிமிடம் கழிந்தபின் பேச்சு தானாகத் தணிகிறது. உள்ளே இரண்டு நெய்விளக்கு எரிவது அப்போதுதான் தெரிகிறது. மின்னாக்கியை இயக்கப் போன ஊழியரிடம், சற்றுப் பொறுத்துப் போடலாம் என்று வரிசையில் நிற்பவர்களே சொல்வதும் உண்டு.